வீட்டுப்பாடம் செய்யாமல் போய்ப் பார்க்கிற மாதிரி சூப்பர் ஹீரோ படம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

#1 செகண்ட்ஷோ (இழையைத் தொடங்கியவர்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த வகைப் படங்களுக்கு ரசிகனும் இல்லை, விரோதியும் இல்லை. வேலை முடிந்து இரண்டாவது ஆட்டத்துக்கு எது கிடைக்கிறதோ அதற்கு டிக்கெட் போடுகிற ஆள். போஸ்டரில் யாராவது பறந்தால் சந்தோஷம், விண்கலம் இருந்தால் இன்னும் சந்தோஷம். ஆனால் சில வருடங்களாக ஒரு தொல்லை. படம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார், தியேட்டரே விசிலடிக்கும், எனக்கு மட்டும் அவர் யாரென்று தெரியாது. பக்கத்து சீட்டுப் பையனைக் கேட்டால், அவர் ஏதோ ஓடிடி தொடரில் வந்தவராம்.

2025 பிப்ரவரியில் வந்த 'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லன் 2008இல் வந்த ஹல்க் படத்து ஆள். கடலுக்குள் நிற்கும் அந்தப் பிரம்மாண்டக் கல் உருவம் 2021இல் வந்த 'எடர்னல்ஸ்' படத்து மிச்சம். சிறைக்குப் போகும் பெரியவர் ஒரு தொடரிலிருந்து வந்தவர். இத்தனையையும் நினைவில் வைத்திருந்தால்தான் அழுகையோ கோபமோ வரும். இல்லாவிட்டால் ஹாரிசன் ஃபோர்டு சிவப்பு ஹல்க்காக மாறுவதைப் பார்த்துவிட்டு வரலாம், அதுவும் போஸ்டரிலேயே இருந்தது. 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' இன்னும் மோசம்: மூன்று நாயகிகளில் இரண்டு பேருக்குச் சக்தி வந்த கதையைத் தொடர்களில்தான் முன்பு காட்டியிருந்தார்கள். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 279 கோடி டாலர் வசூலித்தது, இந்தப் படம் 20 கோடியைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. ஆச்சரியமே இல்லை.

மாறாக, ஜேம்ஸ் கன் எடுத்த 'சூப்பர்மேன்' எனக்குப் பிடித்திருந்தது. வெடித்த கிரகம், குழந்தையை ஏற்றி அனுப்பிய ராக்கெட் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவில்லை. நாலைந்து வரி எழுத்து ஓடுகிறது: மூன்று நூற்றாண்டுக்கு முன்பு இது, மூன்று வருடத்துக்கு முன்பு இது, மூன்று நிமிடத்துக்கு முன்பு சூப்பர்மேன் முதல்முறையாகத் தோற்றார். உடனே ஆள் பனியில் வந்து பொத்தென்று விழுகிறார். எழுந்திருக்க முடியவில்லை, விசிலடிக்கிறார், தூரத்திலிருந்து ஒரு நாய் பனியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வருகிறது. அவ்வளவுதான், நான் படத்துக்குள் போய்விட்டேன். நடுவே ஒரு பெரிய ஜந்து ஊரை மிதித்துக்கொண்டிருக்கும்போது இவர் ஓர் அணிலைத் தூக்கி ஓரமாக விடுவார் பாருங்கள், அந்த ஒரு ஷாட்டில் ஆள் யாரென்று புரிந்துவிட்டது. (நம் தணிக்கை வாரியம் முத்தக் காட்சியில் 33 விநாடியை வெட்டியதை இங்கே பேச வேண்டாம். ஊரே இடிந்து விழுவதைக் குழந்தைகள் பார்க்கலாம், அது மட்டும் கூடாதாம்.)

'லோகா' இன்னும் பிடித்தது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். நீங்கள் சொல்லுங்கள்: முன்கதை தெரியாதவன் போய் உட்கார்ந்து பார்க்க எது சரி, எது வேண்டாம்?

#2 காமிக்ஸ்கிறுக்கன்

அண்ணே, ஒரு கேள்வி. நீங்கள் 'விக்ரம்' போவதற்கு முன்பு 'கைதி' பார்த்தீர்களா இல்லையா? கடைசியில் 'கைதி' படத்து வில்லன்கள் அடைக்கலமும் அன்பும் வந்து நிற்கும்போது விசிலடித்தீர்களா இல்லையா? 'லியோ' படத்தில் நெப்போலியன் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம் "அவர்தான், அந்தக் கான்ஸ்டபிள்தான்" என்று சொல்லியிருப்பீர்களே? அது மட்டும் வீட்டுப்பாடம் இல்லையா?

தொடர்ச்சி என்பதுதான் இந்த வகைக்கே உயிர். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்த ஒரு சங்கதியை வைத்துக்கொண்டு எத்தனை இதழ்! எங்கள் மாமா தலைமுறை ஒவ்வொரு இதழுக்கும் காத்துக் கிடந்தது. 'எண்ட்கேம்' படத்தில் தோரின் அந்தச் சுத்தியல் கேப்டன் அமெரிக்கா கைக்குப் பறந்து வந்தபோது தியேட்டர் அதிர்ந்ததே, அது அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் சம்பாதித்தது இல்லை. பத்து வருடச் சேமிப்பு.

சோம்பேறிப் பார்வையாளருக்காகப் படம் எடுத்தால் எல்லாப் படமும் அறிமுகப் படமாகத்தான் இருக்கும்.

#3 அம்மாவும்நானும்

சோம்பேறி என்று சொன்னதற்கு எங்கள் அம்மா சார்பாகக் கண்டனம். 😄

நாங்கள் தமிழ் டப்பிங்கில்தான் பார்ப்போம். அம்மாவுக்கு மார்வெல், டிசி எல்லாம் ஒன்றுதான், "அந்தக் கம்பெனி" என்பார். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' படத்துக்கு ஏசிக்காகத்தான் வந்தார். அந்தப் படத்துக்கு முன்கதை எதுவும் தேவையில்லை, உலகமே வேறு உலகம். 1960கள் மாதிரியே இருக்கிறது, ஆனால் கார் பறக்கிறது. நாலு பேர், ஒரு வீடு, ஒருத்தி மாசமாக இருக்கிறாள். கிரகங்களைத் தின்கிறவன் வந்து, பிறக்கப்போகிற பிள்ளையைக் கொடுத்தால் பூமியை விட்டுவிடுகிறேன் என்கிறான்.

திரும்பி வந்ததும் பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். ரீட் மழுப்பவே இல்லை. பிள்ளையைக் கேட்டான், மறுத்துவிட்டோம் என்று அப்படியே சொல்லிவிடுகிறார். அதுவரை கொண்டாடிய கூட்டம் முகத்தைத் திருப்புகிறது. அந்த இடத்தில் அம்மா சத்தமாகவே, "இவன் எதுக்கு இதை ஊருக்கெல்லாம் சொல்றான்?" என்று கேட்டுவிட்டார். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே பேச்சு. ஒரு பிள்ளைக்காக ஊரையே பணயம் வைக்கலாமா, ஊருக்காகப் பிள்ளையைக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும் என்று. பிறகு கிளைமாக்ஸில் நியூயார்க்கை உடைத்ததெல்லாம் அவர் நினைவிலேயே இல்லை.

#4 மெர்டேக்காபக்கம்

வணக்கம், கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருந்து. 'தண்டர்போல்ட்ஸ்' படத்தை யாரும் சொல்லவில்லையே? எங்கள் ஊர்க் கட்டடத்தில்தான் படமே தொடங்குகிறது. மெர்டேக்கா 118, உயரம் 678.9 மீட்டர், உலகத்தில் இரண்டாவது உயரமான கட்டடம். ஃப்ளோரன்ஸ் பியூ டூப் போடாமல் அதன் உச்சியிலிருந்து கயிறு கட்டித் தானே குதித்திருக்கிறார். பெட்டாலிங் தெருப் பக்கம் போனாலே தலைக்கு மேல் நிற்கும் கட்டடம் அது. அண்ணாந்து பார்த்தாலே எனக்குக் கழுத்து வலிக்கும்.

ஆனால் பிடித்ததற்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டும் இல்லை. குதிப்பதற்கு முன்பு அந்தப் பெண் முகத்தில் பயமே இருக்காது. வாழ்க்கை சலித்துப்போய், வேலைக்குப் போகிற மாதிரி விளிம்பைத் தாண்டிக் காலை எடுத்து வைப்பாள். படம் முழுக்க அதுதான் விஷயம். கடைசியில் வருகிற கறுப்பு நிழலை அடித்து ஜெயிக்க முடியாது. அது பாப் என்கிறவனுக்குள்ளிருந்தே வந்தது; அவன் அதை அடிக்க அடிக்க அது அவனையே விழுங்குகிறது, மற்றவர்கள் ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். மனச்சோர்வை வில்லனாக வைத்து மார்வெல் படம் எடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் என் தம்பி அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

#5 செகண்ட்ஷோ

கிறுக்கன் தம்பிக்கு: 'கைதி' பார்த்தேன்தான், ஒரே ஒரு படம், இரண்டரை மணி நேரம். அதைப் பார்க்காதவனுக்கும் 'விக்ரம்' தனியாக ஓடியதா இல்லையா? கொல்லப்பட்ட மகனுக்காக ஓர் அப்பன் கிளம்புகிறான், இதற்கு என்ன முன்கதை வேண்டும்? பிஜோய் யாரென்று தெரிந்தவனுக்கு ஒரு விசில் கூடுதல், தெரியாதவனுக்கு அவர் ஒரு போலீஸ் அதிகாரி. யாருக்கும் நஷ்டமில்லை. தெரிந்தவனுக்குக் கூடுதல் லாபம் கொடுங்கள், தெரியாதவன் டிக்கெட் காசை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

மெர்டேக்காபக்கம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் அருமை. நடுவில் இருக்கும் ஆட்கள் யார் யாரோடு எப்போது சண்டை போட்டார்கள் என்பதில்தான் நான் தொலைந்துபோனேன்.

#6 நாஞ்சில்காற்று

'லோகா' பேச்சு வந்ததால் எழுதுகிறேன், நாகர்கோவில் ஆள் பேசாமல் இருந்தால் எப்படி?

படம் பார்க்காதவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம், இயக்கம் டொமினிக் அருண். பெங்களூருக்கு ஒரு பெண் குடிவருகிறாள், ராத்திரி வேலைக்குப் போகிறாள், பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை. எதிர் ஃப்ளாட்டில் மூன்று வெட்டிப் பையன்கள். அவள் யாரென்று அவர்களுக்கு நம்மோடு சேர்ந்தே தெரியவருகிறது. அவள் கள்ளியங்காட்டு நீலி.

கள்ளியங்காடு எங்கே இருக்கிறது தெரியுமா? எங்கள் நாகர்கோவிலை ஒட்டித்தான். கேரளத்தில் அவள் யட்சி, கடமற்றத்துக் கத்தனார் வந்து அடக்கினார் என்று கதை. எங்கள் பக்கத்தில் அவளே இசக்கி. கொடை விழாவில் வில்லுப்பாட்டில் நீலி கதை பாடுவார்கள், விடிய விடிய. ஆரல்வாய்மொழி தாண்டினால் காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன் கோவில், லாரிக்காரர்கள் நிறுத்தித் திருநீறு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அந்தப் பக்கம் திருவாலங்காட்டுக்காரரைக் கேட்டால் பழையனூர் நீலி எங்கள் ஊர்க்காரி என்பார், அவர்கள் கதையில் எழுபது வேளாளர் கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள். ஆக ஒரே நீலிக்கு எத்தனை ஊர், எத்தனை கதை!

இதில் எனக்குப் பிடித்தது, எந்தக் கதையிலும் நீலி சும்மா பேயாகத் திரிகிறவள் இல்லை. அநியாயமாகச் செத்தவள், கணக்குத் தீர்க்க வருகிறவள். படத்திலும் அப்படித்தான். கோவிலுக்குள் நுழைந்த குற்றத்துக்காக அவளுடைய சனத்தையே ராஜாவின் ஆட்கள் அழிக்கிறார்கள். அந்தச் சின்னப் பெண் திருப்பி அடிக்கிற காட்சியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளிநாட்டு ரத்தக் காட்டேரி கதையில் சிலுவையும் பூண்டும் வரும். இங்கே சாதியும் ராஜாவும் வருகிறார்கள். சுமார் 30 கோடி ரூபாயில் எடுத்த படம் 300 கோடியைத் தாண்டியதில் எங்கள் ஊர்க்காரிக்கும் பங்கு உண்டு.

அண்ணனின் வீட்டுப்பாடக் கேள்விக்கு இதுதான் என் பதில். நீலியைப் பற்றி ஒன்றும் தெரியாத பஞ்சாபிக்கும் படம் புரியும். எனக்கோ வீட்டுப்பாடத்தை என் ஆச்சி எப்போதோ முடித்துவைத்துவிட்டாள்.

#7 பால்கனி_சி12

'லோகா' முதல் பாதி சூப்பர். இரண்டாம் பாதியில் அதுவும் மார்வெல் வேலைதான் செய்தது. டொவினோ வருகிறார், துல்கர் வருகிறார், அடுத்த பாகத்துக்கு விளம்பரம் ஓடுகிறது. உறுப்புத் திருட்டுக் கும்பல் என்ன ஆனது என்று யாருக்காவது அக்கறை இருந்ததா? சாண்டி மாஸ்டர் இல்லையென்றால் வில்லன் பகுதி தூங்கியிருக்கும். டான்ஸ் மாஸ்டருக்குள் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருந்தாரா!

அதைவிட 'மின்னல் முரளி' நூறு மடங்கு மேல். ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. தையல்காரன் ஹீரோ ஆகிறான், டீக்கடையில் வேலை பார்க்கிறவன் வில்லன் ஆகிறான். வில்லன் என்று சொல்லவே மனசு வரவில்லை. குரு சோமசுந்தரம் அந்தப் பெண்ணிடம் இத்தனை வருடம் காத்திருந்ததைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரிப்பாரே, நான் ஹீரோவை அடியோடு மறந்துவிட்டேன். நம் கூத்துப்பட்டறை ஆளை இப்படிப் பயன்படுத்த மலையாளத்துக்காரன் வர வேண்டியிருக்கிறது.

#8 ரெண்டர்ராத்திரி

நான் விஎஃப்எக்ஸ் துறையில் இருக்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள். கதை கிடக்கட்டும், கிராஃபிக்ஸ் பற்றி வருகிற கிண்டல்களுக்கு மட்டும் ஒரு பதில்.

"இத்தனை கோடி செலவு செய்து ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். பணம் குறைவதால் பொம்மை ஆவதைவிட, முடிவு தாமதமாவதால் ஆவதுதான் அதிகம். ஓர் ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதை ரோட்டோ என்போம். விநாடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் முடி, விரல், துணி ஓரம் என்று கோடு போட வேண்டும். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் இப்படி முடித்துக் கொடுத்த சண்டைக் காட்சியில், ஹீரோ உடை வேறு நிறம் என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். தேதி மட்டும் மாறவில்லை. நீங்கள் தியேட்டரில் பார்த்துச் சிரிப்பது அந்தக் கடைசி வாரத்து வேலையைத்தான். மார்வெலின் நேரடி ஊழியர்களாக இருந்த விஎஃப்எக்ஸ் ஆட்கள் 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்துச் சங்கம் சேர்ந்தார்கள், சும்மா இல்லை.

மறுபக்கம் பாருங்கள், 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. சுமார் 35 கலைஞர்கள், 610 ஷாட், 2024இல் ஆஸ்கர். இயக்குநர் தகாஷி யமசாகிதான் விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளரும். வேலை செய்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இது சரி, அது வேண்டாம் என்று அங்கேயே முடித்துவிடுவார். இந்த இழைக்கும் அந்தப் படம் பொருந்தும், எழுபது வருடத்துப் பழைய காட்ஸில்லாவில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கத் தேவையில்லை. போர் முடிந்த ஜப்பானில் கண்ணிவெடி அள்ளுகிற ஒரு சின்ன மரப்படகு. காந்தக் கண்ணிவெடிக்கு இரும்பு ஆகாது என்பதால் மரம். அந்த ஓட்டைப் படகின் பின்னால் காட்ஸில்லாவின் தலை மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். படகு நிஜம், கடல் நிஜம், நடிகர்கள் நனைவது நிஜம். ஜந்தும் அது கிழிக்கும் தண்ணீரும்தான் எங்கள் வேலை. அதனால்தான் நம்புகிறோம்.

'அயலான்' பற்றிக் கேலி செய்கிறவர்களுக்கும் ஒன்று. 2018இல் படப்பிடிப்பு தொடங்கி 2024 பொங்கலுக்கு வந்த படம். இத்தனை இழுபறிக்குப் பிறகும் அந்த ஏலியன் கண் சிமிட்டினால் குழந்தைகள் சிரிக்கிறார்கள். சித்தார்த் குரலுக்கும் அதில் பாதிப் பங்கு.

#9 செகண்ட்ஷோ

ரெண்டர் சகோ, கண்ணைத் திறந்தீர்கள். 'கல்கி 2898 ஏடி' பற்றியும் ஒரு வரி: கோயம்புத்தூரில் செய்த அந்த புஜ்ஜி வண்டி நிஜமாகவே சாலையில் ஓடியது என்பதால்தானோ என்னவோ, படத்தில் எனக்கு அதன் மேல் இருந்த நம்பிக்கை பிரபாஸ் மேல் வரவில்லை. அசுவத்தாமனாக அமிதாப் எழுந்து நின்றதும்தான் படமே எழுந்து நின்றது. கமல் ஐந்தாறு நிமிடம் வந்துவிட்டு அடுத்த பாகத்தில் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

#10 மணல்மேடு

எல்லோரும் சூப்பர் ஹீரோவையே பேசுகிறீர்கள், பாலைவனக் கிரகத்தில் நடக்கும் 'டூன்' இரண்டாம் பாகத்தைத் தொடவே இல்லையே.

அது முதல் பாகம் பார்க்காமல் புரியாத படம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பால் என்கிற பையன் முதல்முறை மணல்புழு மேல் ஏறுகிற காட்சிக்கு மட்டும் எந்த முன்கதையும் வேண்டாம். மணலைக் குத்தும் கருவியை நட்டுவிட்டுக் காத்திருக்கிறான். தூரத்தில் மணல் மேடு நகர்கிறது. அவன் நிற்கிற மேடே சரிந்து உள்ளே போகிறது. அதற்குப் பிறகு தூசி, சத்தம், கொக்கியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஒரு பையன். தியேட்டர் நாற்காலி அதிர்ந்தது.

சுவாரசியம் என்னவென்றால், நம் ஆட்கள் அதை மாஸ் படமாகப் பார்த்துக் கைதட்டினார்கள். படமோ அந்தக் கைதட்டலைத்தான் பயத்தோடு பார்க்கிறது. ஸ்டில்கார் என்று ஒருவர், பால் என்ன செய்தாலும் அது தீர்க்கதரிசனம் என்பார். நீங்கள் சொல்கிற மீட்பன் நான் இல்லை என்று பால் மறுத்தால், பார்த்தீர்களா எவ்வளவு அடக்கம், அவன்தான் இவன் என்பார்! முதலில் சிரிக்கிறோம். கடைசியில் அதே மனுஷர் புனிதப் போருக்குக் கப்பல் ஏறும்போது சிரிப்பு வரவில்லை. கதையை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டே பாலை எல்லோரும் கதாநாயகனாகக் கொண்டாடுகிறார்களே என்று வருத்தப்பட்டு, 1969இல் அடுத்த நாவலில் அந்த ஆளை இன்னும் வெளிப்படையாக உடைத்துக் காட்டினார். தலைவரை மேடையேற்றி ஆரத்தி எடுக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது தனி அனுபவம்.

#11 பால்கனி_சி12

டூன் = ஏசி + தூக்கம். முதல் பாகத்தில் நான் குறட்டை விட்டதாக மனைவி சொன்னாள்.

#12 காமிக்ஸ்கிறுக்கன்

சி12க்கு அடுத்த முறை டிக்கெட் கொடுக்கக் கூடாது.

அண்ணே, உங்கள் "கூடுதல் லாபம்" வாதத்துக்கு நான் பாதி வழி வருகிறேன். 2025 பிப்ரவரியில் 'இன்டர்ஸ்டெல்லர்' மறுபடி வந்தபோது ஐமேக்ஸில் டிக்கெட் கிடைக்காமல் அலைந்தோமே. முந்தின டிசம்பரிலேயே வர வேண்டியது, திரையெல்லாம் 'புஷ்பா 2' கையில் இருந்தது. பத்து வருடப் பழைய படம், வீட்டு டிவியில் கிடைக்கிற படம், அதற்குக் கூட்டம். தனியாக நிற்கிற படத்துக்கு அந்த மவுசு உண்டுதான்.

மறுபாதி வழிக்கு நீங்கள் வர வேண்டும். 2026 டிசம்பர் 18, 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' தேதி அறிவித்திருக்கிறார்கள். அயர்ன் மேனாக வந்த ராபர்ட் டவுனி ஜூனியர் இந்த முறை வில்லன். பழைய எக்ஸ்மென் ஆட்களும் வருகிறார்கள். வாருங்கள், ஒன்றாகப் போவோம். பட்டியல் நான் தருகிறேன்.

#13 செகண்ட்ஷோ

எக்ஸ்மென் என்றால் 2000இல் வந்த படத்திலிருந்தா தொடங்க வேண்டும்? தம்பி, எனக்கு வேலை வெட்டி இருக்கிறது.

#14 காமிக்ஸ்கிறுக்கன்

சரி, குறைத்துத் தருகிறேன். 'தண்டர்போல்ட்ஸ்', 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டும் பார்த்தாகிவிட்டது. 'எண்ட்கேம்' நினைவில் இருக்கும். 'டெட்பூல் அண்ட் வோல்வரின்' மட்டும் பாருங்கள், போதும். அதிலேயே பழைய எக்ஸ்மென் கதையைக் கிண்டலடித்தே சொல்லிவிடுவார்கள். குடும்பத்தோடு மட்டும் உட்கார வேண்டாம்.

#15 மணல்மேடு

அதே டிசம்பர் 18தான் 'டூன்' மூன்றாம் பாகத்துக்கும் அறிவித்திருக்கிறார்கள் என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்கிறேன். ஐமேக்ஸ் திரை ஒன்றுதான்.

#16 அம்மாவும்நானும்

எங்கள் வீட்டு ஓட்டு டூம்ஸ்டேவுக்கு. ஆனால் ஒரு கவலை. 'எண்ட்கேம்' தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தபோது, பழைய குரல் எங்கே என்று இணையத்தில் ஒரே சண்டை. இப்போது அதே முகம் வில்லனாக வருகிறது. எந்தக் குரலைப் போடுவார்கள்? கிறுக்கன் தம்பி, தகவல் தெரிந்தால் போடுங்கள், அம்மா தினமும் கேட்கிறார்.